முப்பது யோசனை: சென்னை – யாழ்ப்பாண வழியின் வரலாறு

வான்வழிப் பயணம் ஒன்றின் தொலைவை எண்ணிட்டுக் கூறும் பழந்தமிழ் நூல் மணிமேகலை. காவிரிப்பூம்பட்டினத்து உவவனத்தில் மயங்கித் துயின்ற மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் வைத்து அகன்றதாகச் சாத்தனார் பாடுகின்றார். தென்திசையில் முப்பது யோசனை என்பது அவர் தரும் கணக்கு. இரவில் தன் ஊரில் கண்ணயர்ந்த பெண், கதிரவன் எழும் வேளையில் கடல் சூழ்ந்த வேற்று மணற்பரப்பில் விழிக்கின்றாள். புலவர் தொலைவைச் சொன்னார். இடைப்பட்ட காலத்தை ஓர் இரவின் துயிலுக்குள் அடக்கிவிட்டார்.

மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே என்பாரும், யாழ்ப்பாணத் தீபகற்பமே என்பாரும், இவ்விரண்டையும் மறுப்பாரும் உளர். யோசனை என்னும் அளவும் காலந்தோறும் நூல்தோறும் வேறுபட்டது. பூம்புகாருக்கும் நயினாதீவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவு உண்டு என்பது இன்றைய நிலப்படம் காட்டும் உண்மை. ஆய்வாளர் முடிவு எதுவாயினும், தமிழகக் கரைக்கும் தென்கடல் தீவுக்கும் இடைப்பட்ட வழியை ஓர் இரவுக்குள் கடந்துவிடக் கூடியதாகத் தமிழ்க் கற்பனை பண்டே கண்டது என்பதில் ஐயமில்லை.

இன்று மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலிக்கு நேர்வானில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். இரட்டைச் சுழலி பூட்டிய சிறு விமானம் அதனை ஒன்றேகால் மணி நேரத்தில் கடக்கின்றது. 1947ஆம் ஆண்டின் டக்கோட்டா விமானமும் ஒன்றரை மணி நேர அளவில் கடக்கக்கூடிய தொலைவே இது. முக்கால் நூற்றாண்டில் பொறியியல் இவ்வழியில் மிச்சப்படுத்தியது சில நிமிடங்களே எனலாம். ஆயினும் இதே முக்கால் நூற்றாண்டில் இவ்வழி திறந்தும், அடைபட்டும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பொதுமக்களுக்கு இல்லாமலே போயும், மீண்டும் திறந்தும் வந்துள்ளது. இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவை நிலப்படமும் கடிகாரமும் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இவ்வழியின் வரலாற்றினும் தெளிவான சான்று தமிழருக்கு வேறில்லை.

மணிமங்கலத்திலிருந்து ஒரு படை

சேரப்பணஞ்சேரி, வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் படப்பையைக் கடந்து ஒரகடத்தை நெருங்கும் வழியில் உள்ள ஊர். ஏரியும் வயலுமாக இருந்த இப்பக்கம் இன்று ஆலைகளின் நாடு. இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் கொரிய நாட்டு மகிழுந்து நிறுவனம் கால்கொண்டு, 1998இல் தன் முதல் வண்டியை வெளியிட்டது முதல், 5,300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சியோல் நகரின் பெயர் இவ்வட்டாரத்தில் அன்றாடப் பேச்சில் வழங்கும் சொல்லாயிற்று. ஆனால் கடலுக்கு அப்பாலுள்ள நாட்டோடு இம்மண்ணுக்கு உள்ள உறவு ஆலைகளோடு தொடங்கியதன்று.

சேரப்பணஞ்சேரிக்கு அண்மையில் உள்ளது மணிமங்கலம். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் வென்றதாகக் கூரம் செப்பேடு கூறுகின்றது. ஏழாம் நூற்றாண்டின் இப்போர்க் காலத்தில் பல்லவனிடம் அடைக்கலம் புகுந்திருந்தவன் மானவர்மன் என்னும் இலங்கை இளவரசன். தன் நாட்டை இழந்து காஞ்சிக்கு வந்த அவன், நரசிம்மனுக்காக வல்லபனை எதிர்த்துப் போரிட்டான் என்று இலங்கையின் சூளவம்சம் கூறுகின்றது. அதற்குக் கைம்மாறாகப் பல்லவன் அவனுக்குக் கடற்படை தந்தான். முதல் முயற்சி தோற்றது. இரண்டாம் முயற்சியில் மானவர்மன் அரியணை ஏறினான்.

நாடிழந்த ஒருவன் இக்கரையில் தங்கி, உழைத்து, உறவு பூண்டு, காலம் கனிந்தபோது திரும்பிச் சென்ற கதை இது. அடைக்கலம் என்பது இவ்வழியின் வரலாற்றில் மிகப் பழைய சொற்களுள் ஒன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சொல் வழக்கொழியவில்லை.

பாய்மரமும் அச்சுக்கூடமும்

கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கடல் 60 கிலோமீட்டருக்கும் குறைவு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். காற்று துணைநின்றால் பாய்மரத் தோணிக்கு இது எளிய வழி. காற்று மாறினால் எத்தனை நாள் என்று எவராலும் உறுதி கூற இயலாது. அக்காலத்துப் பயண நேரத்தை வகுத்தவை வாடைக் காற்றும் சோளகக் காற்றுமே. வல்வெட்டித்துறை மாலுமிகள் இக்கலையில் தேர்ந்தவர்கள். அவ்வூரில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று, 1938இல் மாசசூசெட்சு மாநிலத்துக் குளோசுட்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கப்பலைக் கட்டியவர்களுக்கு எதிர்க்கரை அயலூராகவே இருந்திருக்கும்.

தமிழிலக்கியம் இக்கடலுக்குப் பட்ட கடன் பெரிது. நல்லூர் ஆறுமுகம், பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலிய மொழிபெயர்ப்பைச் சென்னை அறிஞரிடம் காட்டி இசைவு பெறுவதற்காக 1848இல் கடல் கடந்தார். மறு ஆண்டு அச்சியந்திரம் வாங்குவதற்காக மீண்டும் வந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தில் 'நாவலர்' பட்டம் பெற்றது அப்பயணத்தின்போதுதான். போகும்போது ஆறுமுகமாகச் சென்றவர் நாவலராகத் திரும்பினார். உடன் ஓர் அச்சுக்கூடமும் வண்ணார்பண்ணைக்குச் சென்றது. பிற்காலத்தில் அவர் சென்னையிலும் அச்சகம் நிறுவினார்.

சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். ஏட்டுச் சுவடிகளில் செல்லரித்துக் கிடந்த நூல்களைத் தேடி அச்சேற்றிய முன்னோடி. 1887இல் அவர் பதிப்பித்த கலித்தொகை, சங்கத் தொகைநூல்களின் பதிப்பு வரலாற்றில் ஒரு தொடக்கம். 1901இல் சென்னையிலேயே அவர் மறைந்தார். இவ்விருவரும் கடல் கடக்க எடுத்துக்கொண்ட நாள்கள் பல. ஆயினும் அவர்கள் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே அறிவுத்துறையில் தொலைவு இருந்ததாகத் தோன்றவில்லை. ஒரு கரையில் தேடிய ஏடு மறு கரையில் நூலாயிற்று. ஒரு கரையில் எழுந்த வாதத்துக்கு மறு கரையில் மறுப்பு எழுந்தது.

போட் மெயில்

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் புகைவண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, அங்குக் காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரை அடைந்து, மீண்டும் புகைவண்டி ஏறினார். ஒரே பயணச் சீட்டில் இரு நாடுகளும் ஒரு கடலும் அடங்கின. மக்கள் இதனைப் 'போட் மெயில்' என்றனர். கப்பல் நின்ற பின்னும் இராமேசுவரம் செல்லும் விரைவு வண்டிக்கு அப்பெயர் மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது.

யாழ்ப்பாணத்தவருக்கு இவ்வழி சற்றே சுற்றுவழி. அவர்கள் தெற்கே மதவாச்சி வரை சென்று, அங்கிருந்து வடமேற்கே திரும்பித் தலைமன்னாரை அடைய வேண்டும். எனினும் காற்றை நம்பியிராமல், கால அட்டவணையை நம்பிப் புறப்படக்கூடிய முதல் வழி இதுவே. மாணவர், வணிகர், நாடகக் குழுவினர், நாகசுரக் கலைஞர், சொற்பொழிவாளர் எனப் பலரையும் இவ்வழி இரு திசையிலும் சுமந்தது. தோட்டத் தொழிலுக்குச் சென்ற ஏழை மக்களுக்கோ மண்டபம் முகாமின் சோதனைகளே இவ்வழியின் வாயிலாக அமைந்தன. ஒரே வழி வகுப்புக்கு ஏற்ப வேறு வேறு நீளம் உடையதாயிருந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த தொடர்வண்டியைப் பயணிகளோடு கடல் கொண்டது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது எனினும், கரையில் இறங்கியதும் கப்பல் ஏறும் பழைய இணைப்பு மீளவில்லை. இயற்கை இவ்வழிக்கு இழைத்த பெருந்தீங்கு இது ஒன்றே. ஏனையவை மனிதர் செய்தவை.

டக்கோட்டாவின் ஒன்றரை மணி

சென்னை வானுக்கு விமானம் புதிதன்று. 1910இலேயே டி ஏஞ்சலிசு என்னும் உணவு விடுதி உரிமையாளர் தாம் அமைத்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுக் காட்டினார். 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு சே. ஆர். டி. டாட்டா செலுத்திக் கொணர்ந்த அஞ்சல் விமானத்தை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குச் செலுத்தியவர் நெவில் வின்சென்ட். இதுவே டாட்டாவின் வான்வழி அஞ்சலின் தொடக்கம்.

கடலுக்கு அப்பால் கொழும்பை அடுத்த இரத்மலானையில் விமான நிலையம் அமைந்தது. 1935 நவம்பர் 27ஆம் நாள் அங்கு முதன்முதலாக இறங்கிய விமானத்தைச் செலுத்திச் சென்றவர், சென்னைப் பறத்தல் கழகத்தின் தலைமைப் பயிற்றுநரான டின்டேல் பிசுகோ. இலங்கையின் முதல் விமான நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் சென்னைக் கழகத்தாருடையது என்பது இரு கரையாரும் நினைவிற்கொள்ளத் தக்கது. 1938இல் டாட்டாவின் அஞ்சல் வழி சென்னையிலிருந்து கொழும்பு வரை நீட்டப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேய வான்படை பலாலியில் ஓடுபாதை அமைத்தது. போர் முடிந்தபின் அது பொதுமக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையில் தொடங்கிப் பலாலியில் தரித்துச் சென்னையை அடைந்தது. அந்நிறுவனத்தின் டக்கோட்டா விமானங்களுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி எனப் பெயரிட்டிருந்தனர். இலங்கையின் தேசிய விமான நிறுவனம் தன் முதற் பயணத்துக்குத் தேர்ந்துகொண்ட வழி கொழும்பு – யாழ்ப்பாணம் – சென்னை என்பது கருதத்தக்கது.

அவ்வழியை நிலப்படத்தில் நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். பலாலியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு 355 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் தன் நாட்டுத் தலைநகருக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்த நகரம். ஒன்றரை மணி நேரம் தெற்கே பறந்தால் கொழும்பு. ஒன்றரை மணி நேரம் வடக்கே பறந்தால் சென்னை. புவியியல் அளித்த இந்நடுநிலையே யாழ்ப்பாணத்தின் சிறப்பும் பிற்காலத்தில் அதன் துன்பமும் ஆயிற்று.

வான்வழி திறந்த மறு ஆண்டே, 1948இல், இலங்கை நாடாளுமன்றம் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தை இயற்றியது. அதுவரை அயலூர்ப் பயணமாக இருந்தது, கடவுச்சீட்டும் நுழைவு இசைவும் வேண்டும் அயல்நாட்டுப் பயணமாயிற்று. விமானம் நாள்களை மணிகளாகக் குறைத்த அதே காலத்தில், காகிதம் மணிகளை மீண்டும் நாள்களாக நீட்டத் தொடங்கியது.

அடைபட்ட வழி

1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றது. தனிநாயக அடிகளார் முயற்சியால் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968இல் சென்னையிலும், மூன்றாவது 1970இல் பாரிசிலும் நடந்தன. பாரிசுக்குச் சென்று வர முடிந்த தமிழ்நாட்டுப் பேராளர் சிலருக்கு, ஒன்றரை மணி நேரத் தொலைவிலிருந்த யாழ்ப்பாணத்துக்குச் செல்ல நுழைவு இசைவு மறுக்கப்பட்டது. சனவரி 10ஆம் நாள் நிறைவு நிகழ்ச்சியில் காவல்துறை தலையிட்டதைத் தொடர்ந்து உயிர்கள் பலியாயின. மாநாட்டின் ஆய்வுரைகளினும் அத்துயரமே மக்கள் நினைவில் நின்றது.

1970களின் இறுதியில் பலாலிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடைப்பட்ட பொதுமக்கள் விமானப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. 1979இல் ஏர் சிலோன் மறைந்து ஏர் லங்கா தோன்றியது. புதிய நிறுவனம் பழைய யாழ்ப்பாண வழியைத் தொடரவில்லை. 1981 சூன் முதல் நாளையொட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. நாவலர் காலம் முதல் கடல் கடந்து சென்று சேர்ந்த ஏடுகளின் வழித்தோன்றல்களும் அவற்றுள் அடங்கும்.

1983 சூலை வன்செயலுக்குப் பின் மக்கள் படகேறி இராமேசுவரம் வந்தனர். 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அதே ஆண்டு ஆகத்து 2ஆம் நாள், கொழும்பு விமானத்துக்கென வைக்கப்பட்ட வெடிகுண்டு மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பயணம் செய்யக் கூடியிருந்த எளிய மக்களே அதற்கும் இரையாயினர்.

1987 சூன் 4ஆம் நாள் இந்திய வான்படை விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப்பொருள்களை இட்டன. சூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்தியப் படை பலாலியில் இறங்கியது. பொதுமக்களுக்கு மூடிய வான்வழி படைக்குத் திறந்தது. 1990 மார்ச்சில் அப்படை வெளியேறியது. சூனில் மீண்டும் போர் மூண்டது. பலாலியையும் மயிலிட்டியையும் சூழ்ந்த ஊர்களின் மக்கள் தம் வீடும் தோட்டமும் விட்டு இடம்பெயர்ந்தனர். ஓடுபாதையைக் காக்க ஊர்கள் வெறுமையாயின.

1991 மே 21ஆம் நாள் இரவு, இந்தியாவின் முன்னாள் பிரதமர் இராசீவ் காந்தி திருப்பெரும்புதூரில் கொலையுண்டார். உடன் பலரும் மாண்டனர். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையத்தக்க அவ்விடத்தில் இன்று நினைவகம் நிற்கின்றது. பாக்கு நீரிணையின் போர் காஞ்சி நாட்டு வயல்வெளிக்கு வந்து சேர்ந்த இரவு அது. அதன்பின் இக்கரையில் ஈழத் தமிழர் என்ற சொல்லோடு ஐயமும் சேர்ந்து ஒலித்தது. குற்றத்தில் பங்கற்ற முகாம் மக்களும் மாணவரும் எழுத்தாளரும் அந்த ஐயத்தின் சுமையை ஆண்டுக்கணக்கில் தாங்க நேர்ந்தது. மானவர்மன் அடைக்கலம் பெற்ற அதே நிலப்பகுதியில் அடைக்கலம் என்ற சொல்லின் பொருள் சுருங்கிற்று.

1995இல் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, அதில் கலந்துகொள்ள வந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத்து அறிஞர் சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1974இல் அக்கரை அடைத்த கதவை 1995இல் இக்கரை அடைத்தது. விமானம் அவர்களை உரிய நேரத்தில் கொணர்ந்து சேர்த்தது. வழி அவர்களை உள்ளே விடவில்லை. 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் சிவத்தம்பி பங்குகொண்டார் என்பதையும் இங்குக் குறிப்பிடல் முறை.

மும்மடங்கு நீண்ட வழி

இக்காலமெல்லாம் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் சென்னைக்கு வர விரும்பினால், முதலில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழியே தெற்கே கொழும்புக்குச் செல்ல வேண்டும். பின்னர்க் கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ 645 கிலோமீட்டர் வடக்கே பறந்து, தாம் புறப்பட்ட ஊரின் திசையிலேயே திரும்பி, அதனையும் கடந்து சென்னையை அடைய வேண்டும். 355 கிலோமீட்டர் வழி 1,045 கிலோமீட்டராக, ஏறத்தாழ மும்மடங்காக, நீண்டது.

அத்தரைவழியும் எப்போதும் திறந்திருந்ததன்று. கண்டி – யாழ்ப்பாண நெடுஞ்சாலை 1990க்குப் பின் மூடிக் கிடந்தது. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தவர் பலர். கடக்கும்போதே மாண்டவரும் உளர். 2002இல் போர்நிறுத்தத்தின் பின் சாலை திறந்தது. 2006இல் மீண்டும் அடைபட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. இக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே பயண நேரம் எவ்வளவு என்று வினவினால், அதற்கு மணிக்கணக்கில் விடை இல்லை. சிலருக்குச் சில நாள்கள். சிலருக்குச் சில ஆண்டுகள். படகு கவிழ்ந்தோருக்கு முடிவற்ற காலம்.

கவிதை கடந்த வழி

விமானமும் கப்பலும் நின்றபோதும் கடக்கும் வழியைக் கண்டுகொண்டது கவிதை. எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. தலைமன்னார்க் கப்பல் நின்ற ஆண்டு அது. மறு ஆண்டு யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' என்னும் தொகுப்பும் இக்கரை வாசகரை அடைந்தது. போர்க்களத்துச் செய்தியை நாளிதழ்களில் எண்ணிக்கையாகப் படித்தவர்கள், இத்தொகுப்புகளில் அதனை மனிதக் குரலாகக் கேட்டனர். எண்பதுகளுக்குப் பிந்திய தமிழ்நாட்டுக் கவிதையின் சொல்லிலும் தொனியிலும் இக்குரலின் சுவடு உண்டு.

ஆயினும் இப்போக்குவரத்து இரு திசையிலும் ஒத்த அளவில் நடந்ததெனக் கூற இயலாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சென்னை வார இதழ்கள் யாழ்ப்பாணக் கடைகளில் குவிந்தன. யாழ்ப்பாணத்து நூல்கள் சென்னைக் கடைகளில் அரிதாகவே கிடைத்தன. 'சரசுவதி' போன்ற சில ஏடுகளே ஈழத்து எழுத்தாளருக்கு இடமளித்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதியை இலங்கை கட்டுப்படுத்தியபோது, அங்குள்ள எழுத்தாளர் பலர் அதனை வரவேற்றதன் காரணம் இதுவே. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' 2012 வரை வெளிவந்தது. அத்தனை ஆண்டுகள் தொடர்ந்த ஓர் இலக்கிய ஏட்டின் இதழ்களைத் தமிழ்நாட்டு நூலகங்களில் எத்தனை இடத்தில் காண முடியும் என்பது, இக்கரை இலக்கிய அமைப்புகள் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய கேள்வி. விமானம் இல்லாமை அரசுகளின் செயல், வாசியாமை அவ்வாறன்று.

மீண்டும் திறந்தது

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையம் என்னும் பெயரோடு திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்சு ஏர் விமானம் அங்குச் சென்று இறங்கியது. நவம்பரில் முறையான பயணங்கள் தொடங்கின. நான்கு மாதங்களில் கொள்ளைநோய் பரவி, 2020 மார்ச்சில் அவையும் நின்றன. 2022 டிசம்பர் 12ஆம் நாள் மீண்டும் தொடங்கின. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கலாயிற்று. 2025இல் திருச்சியிலிருந்தும் வழி திறந்தது. கடலிலும் 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கி, சில நாள்களில் நின்று, 2024 ஆகத்தில் மீண்டும் ஓடியது.

மகிழத்தக்க இச்செய்தியோடு வேறொன்றும் சேர்த்து எண்ணத்தக்கது. பலாலியைச் சூழ்ந்து 1990இல் கைவிடப்பட்ட நிலங்களிற் சில படிப்படியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் மக்களுக்குத் திரும்பியது. எல்லா நிலமும் உரியவர் கைக்கு வந்து சேரவில்லை. ஒன்றேகால் மணியில் சென்னையிலிருந்து வந்திறங்குபவர் காணும் ஓடுபாதைக்கு அருகே, தம் வீட்டு வாயிலுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து செல்ல இயலாதவர்களின் காணிகள் இருந்தன.

இவ்வுண்மை சேரப்பணஞ்சேரி வட்டாரத்துக்குத் தொலைவானதன்று. திருப்பெரும்புதூருக்கு மேற்கே பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமான நிலையம் அமையும் என 2022இல் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் தம் ஏரியும் வயலும் குடியிருப்பும் போகும் என அஞ்சி, அவ்வாண்டு முதல் இரவுக் கூட்டங்கள் கூட்டிப் போராடினர். பலாலியில் போர் எடுத்துக்கொண்டதும் பரந்தூரில் வளர்ச்சித் திட்டம் கேட்டதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றென்பது முறையன்று. ஆயினும் வானில் ஒரு வழி திறக்க, தரையில் யாரோ தம் நிலத்தை விட வேண்டியிருக்கின்றது என்பது இரண்டுக்கும் பொது. நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு குறையும்போது, உழவனுக்கும் அவன் வயலுக்கும் இடைப்பட்ட தொலைவு கூடுமாயின், அக்கணக்கையும் வரலாறு எழுதிவைக்க வேண்டும்.

இங்குக் கண்டவற்றால் தொலைவுக்கு மூன்று அளவுகள் உண்டு என்பது பெறப்படும். நிலப்படத்தின் அளவு 355 கிலோமீட்டர், அது மாறாதது. கடிகாரத்தின் அளவு ஒன்றரை மணியிலிருந்து ஒன்றேகால் மணியாகச் சிறிது குறைந்தது. இசைவின் அளவோ ஒரு காலத்தில் ஒன்றுமில்லாமலிருந்து, பின்னர் நாற்பது ஆண்டுகளாக நீண்டு, மீண்டும் சுருங்கியது. மூன்றனுள் மனிதர் வகுத்ததும் மனிதர் மாற்றத்தக்கதும் இம்மூன்றாவதே. திறந்த வழி மீண்டும் அடைபடாது என்பதற்கு உறுதி ஏதும் இல்லை; 1947இலும் அது அடைபடும் என எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

மணிமேகலை மணிபல்லவத்திலேயே தங்கிவிடவில்லை. தன் முற்பிறப்பை அங்கு அறிந்து, வான்வழி செல்லும் மந்திரம் பெற்று, தானே பறந்து புகாருக்குத் திரும்பினாள். திரும்பி வருகையில் அவள் கையில் இருந்தது அமுதசுரபி. அது புகார் நகரத்துப் பசித்தோர்க்கு உணவாயிற்று. முப்பது யோசனைப் பயணத்தைச் சாத்தனார் முடித்துவைத்தது அவ்வாறு. ஒன்றேகால் மணிப் பயணத்தில் இரு கரையாரும் எதனைக் கையிலேந்தி வருவர் என்பது இனி எழுதப்பட வேண்டிய வரலாறு.